பூவரசங்கொப்பு

பாப்பாமோட்டைக்கு வெளியே, ஆராய்ச்சிக்கென்று கட்டிய மூடிய கொட்டிலுக்குள் காலை வெயில் யன்னல் கண்ணாடியால் இறங்கி ஆடுகளின் முதுகில் கிடக்கிறது. வெள்ளை அங்கியும் முகக்கவசமுமாக வரும் மிருக வைத்தியர் தர்ஷிகாவைக் கண்டதும் அவை மூலைக்கு ஓடுகின்றன. இராயப்புவும் அதே கோலத்தில்தான் நிற்கிறார். ஆனால் தினமும் தீனி போடுகிறவரின் குரல் ஆடுகளுக்குத் தெரியும். அவர் பூவரசங்கொப்பை ஆட்டி, "பா... பா..." என்கிறார். கறுப்பு மறியாடு ஒன்று சீமெந்துத் தரையில் குளம்பு தட்டத் தட்ட வந்து இலையைக் கடிக்கிறது. தர்ஷிகா அதன் முகத்தை நிமிர்த்தி, ஊசி கழற்றிய சிரிஞ்சால் இரண்டு மூக்குத் துளையிலும் சொட்டு விடுகிறாள். ஆடு தும்மிவிட்டு மறுபடியும் இலையைத் தேடுகிறது.

"இதுதானே மிஸ், அந்தப் புதுக் காய்ச்சலுக்கு மருந்து?"

அவள் விட்டது அந்தக் காய்ச்சலின் வைரஸ். ஆடுகள் நோயில் விழுந்த பிறகுதான் மருந்து, அதுவும் பாதி ஆடுகளுக்கு மட்டும். மற்றப் பாதிக்கு வெறும் உப்புத் தண்ணீர். இதைச் சொன்னால் இந்த மனிதர் இன்னொரு ஆட்டைக் கூப்பிடுவாரா?

"ஓம் அண்ணை," என்கிறாள். முகக்கவசத்துக்குள் அவளுடைய மூச்சே அவள் முகத்தில் சுடச்சுட அடிக்கிறது.

இராயப்பு கையுறை விரலால் ஆட்டின் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்புகிறார். பிறகு, மூலையில் ஒண்டி நிற்கும் விலா எலும்பு தெரிகிற குட்டியை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிவந்து அவள் முன் நீட்டுகிறார்.

"இது சரியான மெலிவு மிஸ். இதுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலா விடுங்கோ."