விழுப்புரம், ஐம்பத்திரண்டு

2047 மார்ச் முதல் தேதி திருநெல்வேலியில் ஒட்டிய அறிவிப்பின்படி, வேலை விபத்தில் இறப்பவரின் குடும்பத்துக்கான உதவித்தொகை, உயிர் பிரிந்த ஊரின் விலைவாசி எண்ணைக் கொண்டு கணக்கிடப்படும். சென்னைக்கு நூறு. திருநெல்வேலிக்கு ஐம்பத்தெட்டு.

ஜூன் மாதம் காற்றாலைக் கோபுரத்திலிருந்து சொரிமுத்து விழுந்தார். இங்கேயே உடனே ஆபரேஷன் செய்தால் பிழைக்க வாய்ப்பிருக்கிறது என்றார் டாக்டர்.

"மெட்ராஸ்லதான் நல்ல வைத்தியம்" என்று சொரிமுத்து பிடிவாதம் பிடித்தார். மனைவி ஆவுடைச்செல்வி அதை நம்பிக் கையெழுத்துப் போட்டாள்.

ஆம்புலன்ஸில் கண் திறக்கும்போதெல்லாம் அவர் கேட்டது ஒன்றுதான்.

"எந்த ஊரு வந்திருக்கு பிள்ள?"

"மதுரை."

"எழுவத்தொண்ணு."

"திருச்சி வந்தாச்சு."

"அறுவத்தாறு."

வலியில் பிதற்றுகிறார் என்று அவள் நெற்றியைத் தடவிக்கொடுத்தாள்.

"விழுப்புரம்" என்றபோது அவர் முகம் மாறியது.

"அம்பத்திரெண்டு. இங்க போயிரக் கூடாது. மெட்ராஸ் வரைக்கும் மூச்சப் புடிச்சிக்கிடுதேன். ரெண்டு பிள்ளையளும் படிச்சி முடிச்சிரும்லா."

ஆவுடைச்செல்விக்கு அப்போதுதான் புரிந்தது. பிழைப்பதற்காக இவர் கிளம்பவே இல்லை.

"அண்ணாச்சி, வண்டிய இங்கனயே ஆஸ்பத்திரிக்குத் திருப்புங்க!" என்று ஓட்டுநரைப் பார்த்து அலறினாள்.

"திருப்பாதேயும்" என்றார் சொரிமுத்து.

ஓட்டுநர் திருப்பினார். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது உயிர் இல்லை.

அடுத்த மாதம் குடும்பத்துக்கு விழுப்புரம் எண்ணின்படி தொகை வந்தது.