பாப்பா ஏன் பாயவில்லை?

“அது தூங்கலைண்ணே, கணக்குப் போடுது” என்றாள் ஆராய்ச்சி மாணவி, பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமலே.

கண்காணிப்புக் கோபுரத்தில் அவளுக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த வனத்துறை வாட்சர், சரி என்று தலையாட்டினார்.

கீழே வேலிக்குள், புதர் ஓரத்தில் படுத்திருந்தது பெண் சிறுத்தை. தாயை இழந்த குட்டியாக வந்தது. புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவர் வாட்சர்தான். பாப்பா என்று பெயர் வைத்ததும் அவரே. இப்போது அதற்கு இரண்டு வயது. வேட்டையாடப் பழகிவிட்டால் காட்டுக்குள் விட்டுவிடலாம். அதற்காகவே இறைச்சி போடுவதை நிறுத்தி, வேலிக்குள் மூன்று மான்களை விட்டுப் பத்து நாளாகிறது.

பாப்பா ஒரு மானைக்கூடத் தொடவில்லை.

மாணவி அசரவில்லை. சிறுத்தை எடுத்த எடுப்பில் பாயாது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, எந்த மான் மந்தமாக நடக்கிறது என்றெல்லாம் பார்த்து வைத்துக்கொள்ளும் என்று வாட்சருக்கு வகுப்பே எடுத்தாள். அவர் கொட்டாவியை அடக்கிக்கொண்டு கேட்டார். பாப்பா காதை ஆட்டினால்கூட நோட்டில் எழுதினாள். இத்தனை நாள் பட்டினி கிடந்தும் அதன் உடம்பு பளபளவென்று இருந்தது. காட்டு ரத்தத்தின் உறுதியே தனி என்று அதையும் எழுதிவைத்தாள்.

பதினோராம் நாள் ஒரு மான் மேய்ந்துகொண்டே பாப்பாவின் மூக்குக்கு நேராக வந்து நின்றது. மாணவி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பாப்பா அந்த மானை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு மல்லாந்து படுத்து, வயிற்றை வெயிலுக்குக் காட்டியது.

“ரொம்ப ஆழமா யோசிக்குது போல” என்றார் வாட்சர்.

மதியம் வனத்துறை அதிகாரியிடமிருந்து மாணவிக்குப் போன் வந்தது. இதற்கு வேட்டைப் புத்தியே கிடையாது, நாளைக்குக் கூண்டு வண்டி அனுப்புகிறேன், ஏதாவது மிருகக்காட்சிசாலைக்குக் கொடுத்துவிடலாம் என்று முடித்துவிட்டார்.

மாணவி நோட்டை மூடிவைத்தாள். காடெல்லாம் சுற்றவேண்டியது, இனி ஆயுசு முழுக்கப் பத்தடிக் கூண்டில் நடக்கப்போகிறது. செய்தியைச் சொன்னபோது வாட்சரின் முகம் செத்துவிட்டது.

“கூண்டா? காட்டுக்குப் போகலைன்னா இங்கேயே என்கூட இருக்கும்னுல்ல நினைச்சேன்.”

அவர் எழுந்தார். கோபுரத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பாப்பாவையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திரும்பி, வண்டியை நிறுத்தச் சொல்லும்படி அவளிடம் கெஞ்சினார். நாலே நாள் தவணை கேட்டால் போதும், பாப்பா கண்டிப்பாக மானை அடித்துவிடும் என்றார்.

“பதினோரு நாளா அடிக்காதது, நாலு நாள்ல எப்படிண்ணே அடிக்கும்?”

வாட்சர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“தினமும் நீங்க வர்றதுக்கு முன்னாடி அதுக்கு நாலு கோழி போடுவேன்மா. நாளையிலேருந்து போட மாட்டேன்.”