இரட்டைவால் காவல்

தவிட்டுக்குருவிகள் கூட்டமாகச் சருகைக் கிளறிப் புழு தின்னும்போது, ஒன்று மட்டும் கிளையில் உட்கார்ந்து வல்லூறு வருகிறதா என்று பார்க்கும். அதற்குக் கூலி கிடையாது, வயிறுதான் காயும். யாருக்கு மனசு வருகிறதோ அவர் ஏறி உட்கார வேண்டியதுதான். மொட்டைவாலி என்ற ஒருத்திக்குத்தான் அந்த மனசு அடிக்கடி வந்தது.

காவல் முறையைக் கவனித்துவந்த கிழட்டுத் தலைவி செத்துப்போனதும், "இனிமே நான் பார்த்துக்கிறேன்" என்றாள் மொட்டைவாலி.

"நேத்துவரைக்கும் நம்மகூடச் சருகு கிளறினவ, இன்னிக்குத் தலைவியா?" என்று சிரித்தாள் கூட்டத்தின் பெரியவள்.

பக்கத்துத் தோப்பிலிருந்து, பளபளவென்று இரட்டைவால் வைத்த கரிச்சான் குருவி ஒருவனைக் காவல் தலைவனாகக் கூட்டிவந்தார்கள்.

யாராவது கொழுத்த புழுவை இழுத்தால் போதும், "வல்லூறு!" என்பான் கரிச்சான். எல்லோரும் புதருக்குள் ஓடுவார்கள். திரும்பி வந்தால் புழு இருக்காது.

"வானத்துல ஒண்ணுமே இல்ல. அவன்தான் திங்கிறான்!" என்றாள் மொட்டைவாலி.

"உனக்குப் பொறாமைடி" என்றாள் பெரியவள்.

ஒருநாள் நிஜமாகவே வல்லூறு வந்தது.

"வல்லூறு! ஓடுங்க!" என்று மொட்டைவாலி அலறினாள். ஒருவரும் ஓடவில்லை. உண்மைதானா என்று கரிச்சானை அண்ணாந்து பார்த்தார்கள். அவன் வாய் நிறையப் புழு இருந்தது.

வல்லூறு பெரியவளின் மகளைத் தூக்கிக்கொண்டு போனது.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லியிருக்கக் கூடாதாடி, பாவி?" என்று பெரியவள் அழுதாள்.

"கத்தினேனே! தொண்டை கிழியக் கத்தினேனே!" என்று மொட்டைவாலி கத்தினாள்.

அந்தச் சத்தத்தில், இந்தத் தடவை அத்தனை பேரும் புதருக்குள் பாய்ந்தார்கள்.