படத்தில் நின்ற பையன்

"இந்தக் கரியப் பூசினது ஆரு?"

பதியுதீன் வாத்தியார் போட்ட சத்தத்தில் வகுப்பே விறைத்துப்போனது.

கேட்கத் தேவையே இல்லை. உம்மு குல்தூமின் கை இரண்டும் ஒரே அடுப்புக் கரி. மறைக்கக்கூடத் தெரியாமல் நின்றாள்.

மலேரியாக் காய்ச்சல் ஊரைப் புரட்டிப் போட்டதற்கு அடுத்த வருஷம் அது. பிள்ளைகளுக்குச் சுகாதாரம் படிப்பிக்கவென்று புதிதாக வந்திருந்தது அந்தப் பெரிய சுவர்ப்படம். ஒரு பக்கத்தில் கொழுகொழுவென்று ஒரு பிள்ளை. மற்றப் பக்கத்தில் குச்சிக் காலும் ஊதின வயிறுமாக ஒரு காய்ச்சல்காரப் பையன். அந்தப் பையனைத்தான் இப்போது காணவில்லை. அவன் நின்ற இடமெல்லாம் கரி.

இன்ஸ்பெக்டர் நாளைக்கு வருகிறார். இந்தப் படத்தை வைத்து ஒழுங்காகப் பாடம் நடத்திக் காட்டினால் பதியுதீனுக்குத் தலைமை வாத்தியார் பதவி நிச்சயம் என்று பேச்சு. வயிறு எரியாதா மனுஷனுக்கு?

"உன்ட வாப்பா சொல்லித்தானே செஞ்ச?"

"இல்ல சேர்."

அவரா நம்புவார்! படம் வந்த கிழமையே பள்ளிவாசலில் எழும்பி நின்று, "உருவப்படம் மாட்டின இடத்துக்கு வானவர்களான மலக்குமார் வரமாட்டாங்க" என்று தர்க்கம் பண்ணினவர் அவளுடைய வாப்பா கச்சி முகம்மது. வாத்தியார் உடனே ஆள் விட்டு அழைப்பித்தார். வயல் வட்டையில் உழுதுகொண்டு நின்றவர் சேற்றுக் காலோடு ஓடி வந்தார்.

"கச்சி முகம்மது காக்கா, படம் புடிக்கல்லெண்டா நேர வந்து என்னோட மல்லுக்கு நில்லுங்க. பச்சப் புள்ளைய ஏவி விடுறீங்களே, வெக்கமா இல்லையா?"

பிள்ளைகள் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, கச்சி முகம்மது கூனிக் குறுகிப்போனார்.

"அல்லா அறிய நான் சொல்லல்ல சேர். ஊரே வேணுமெண்ட பொறகு நான் வாயே தொறக்கல்ல." மகள் பக்கம் திரும்பினார். "ஏன் மகள் இப்பிடிச் செஞ்ச? நாலு பேருக்கு முன்னால என்ட மானத்த வாங்கிட்டியே."

அதுவரைக்கும் அழாமல் நின்றவள், வாப்பாவின் குரல் உடைந்ததும் விம்மி அழுதாள்.

"ஹலீமுக்காகத்தான் வாப்பா."

ஹலீம் கடைசி வாங்குப் பலகையில் இருக்கிற பையன். காய்ச்சலில் உம்மாவைப் பறிகொடுத்தவன். அதே காய்ச்சல் அவனையும் உருக்கி, வயிற்றை மட்டும் ஊத வைத்துவிட்டுப் போயிருந்தது. இரண்டு கிழமையாக அவன் பள்ளிக்கூடப் பக்கமே வரவில்லை.

"அவன எல்லாரும் 'படத்துப் புள்ள, படத்துப் புள்ள' எண்டு பழிக்கிறாங்க சேர். தெருவால போக ஏலாதாம். படம் தொங்குற மட்டும் பள்ளிக்கூடம் வரமாட்டன் எண்டு அழுறான். அதான் அழிச்சன்."

வாத்தியாருக்கு நெஞ்சு இளகிவிட்டது. ஒரு பாவமும் அறியாத மனுஷனைத் தலைகுனிய வைத்துவிட்டோமே என்று வெட்கமாகவும் இருந்தது. வெட்கத்தை மறைக்க வாத்தியாருக்குக் கோபத்தை விட்டால் வேறென்ன இருக்கிறது? பிரம்பை எடுத்துக்கொண்டு வகுப்பின் பக்கம் திரும்பினார்.

"காய்ச்சல்ல எழும்பின புள்ள, தாயில்லாத புள்ள! அவனப் போய்ப் பழிச்ச வெக்கங்கெட்டவன் ஆருடா? எழும்புடா! இண்டைக்கி முதுகுத் தோல உரிக்கன்!"

ஒருவரும் எழும்பவில்லை. பிள்ளைகள் ஆளையாள் பார்த்தார்கள். பிறகு எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"நீ சொல்லு புள்ள. முதல்ல அப்பிடிச் சொன்னது ஆரு? பயப்பிடாத, நான் இரிக்கன்."

உம்மு குல்தூம் வாப்பா உடுத்திருந்த சாரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"உண்மையச் சொல்லு மகள்" என்றார் கச்சி முகம்மது.

"நீங்கதான் சேர்" என்றாள் அவள். "படம் மாட்டின அண்டைக்கி, பிரம்பால அந்த வயித்துல தட்டி, 'இஞ்ச பாருங்க, நம்மட ஹலீம் நிக்கான்' எண்டு சொல்லிச் சிரிச்சீங்க. அதுக்குப் பொறகுதான் சேர் நாங்களும் சிரிச்சம்."