அப்பாவின் எஞ்சின்

"இந்த எஞ்சினைக் கழட்டி வீசிட்டு, ஜப்பான் எஞ்சின் ஒண்ணு போட்டுருங்க," என்றாள் பாலாம்பிகை.

கராஜ்காரர் முஹைதீன், பழைய மொரிஸ் மைனர் காரின் பொனட்டைப் பிடித்தபடி சிரித்தார். "ஒரிஜினல் எஞ்சினை யாராச்சும் வீசுவாங்களாம்மா? நான் செஞ்சி தாரேன்."

"நல்லாச் சொல்லுங்க, முஹைதீன் நானா! அப்பா கை பட்ட எஞ்சின். அம்மாவுக்கு அந்தப் பாசமே கிடையாது," என்றான் மகன் தயாளன். அப்பாவை அவன் படத்தில்தான் பார்த்திருக்கிறான். அவர் மாரடைப்பில் போனார் என்று சொல்லித்தான் அவள் வளர்த்திருந்தாள்.

மகன் பேச்சே வென்றது. அடுத்த மாதம் முஹைதீன் சாவியைத் திருப்பியதும், எஞ்சின் முதல் தடவையிலேயே உறுமியது. பாலாம்பிகை உடைந்து அழுதாள்.

"பாத்தீங்களா, நானா? பாசம் வந்திருச்சு!"

எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தின்போது, கடுகண்ணாவை மலைச்சாலை ஏற்றத்தில் இதே எஞ்சின் நின்றுபோயிருந்தது. அவள் கைக்குழந்தையோடு பள்ளத்துப் பீலியில் வழிந்த ஊற்றுத் தண்ணீரை எஞ்சினுக்குப் பிடித்துக்கொண்டிருந்தாள். காருக்குப் பின்னால் ஒரு கூட்டம் ஓடி வந்தது. அவர்கள் கையிலிருந்த கத்தியும் பொல்லுத்தடியும் அவளுக்குத் தெரிந்தன. காருக்குள் இருந்த கணவருக்குத் தெரியவில்லை. கண்ணாடியை இறக்கி, அவளைப் பார்த்துச் சந்தோஷமாகக் கத்தினார்:

"பயப்படாத புள்ள, தள்ளிவிட ஆளுங்க வர்றாங்க!"