சும்மாவுக்கு ஓர் இடம்

கூப்பிட்டால் ஓடி வரும். பெயரைக் கேட்டால் ஒன்றுமில்லை என்று பொருள். அது என்ன?

அது ஒரு குட்டிப் பூதம். வீடியோ கேமில் நிலவரசி என்ற சிறுமி முதன்முதலில் பிடித்த பூதம். "என்ன பெயர் வைக்கிறாய்?" என்று திரை கேட்டபோது, வேறு எதுவும் தோன்றாமல் 'சும்மா' என்று தட்டிவிட்டாள். அதுவே நிலைத்துவிட்டது.

ஊர் ஊராகப் போய் மேலும் ஐந்து பூதங்களைப் பிடித்தாள். ஆறு இடமுள்ள அவள் பை நிறைந்தது. இன்று எரிமலை அடிவாரத்தில் ஏழாவதாக ஒரு நெருப்புப் பூதம் வலையில் விழுந்தது. ஒன்றை விடுவித்தால்தான் அதற்கு இடம்.

நெருப்புப் பூதம் சும்மாவைப் பார்த்துச் சிரித்தது. "டேய் பொடியா, மூட்டையைக் கட்டு. உனக்கு என்னடா தெரியும்?"

"கொட்டாவி விடுவேன் அண்ணே."

"அவ்வளவுதானா? நான் மலையையே உருக்குவேன்! இன்றைக்கு என்னவோ சண்டை நடுவில் தூக்கம் சொக்கிவிட்டது. அதனால்தான் மாட்டினேன்."

"ஆமாம் அண்ணே, பார்த்தேன்."

எதை விடுவிப்பது என்று கேட்க, திரை முதலில் சும்மாவின் படத்தைக் காட்டியது. அந்தத் திரைக்குப் பெயரோடு 'ஐ' சேர்க்கத் தெரியாது. "சும்மா விடலாமா?" என்று கேட்டது.

"சும்மா விடமாட்டேன்!" என்றாள் நிலவரசி.

"கேட்டாயா?" என்றது நெருப்புப் பூதம். "உன்னை உண்டு இல்லை என்று ஆக்கப்போகிறாள்!"

சும்மா நடுங்கிப்போய்க் கண்ணை மூடிக்கொண்டது.

நிலவரசி நெருப்புப் பூதத்தை விடுவித்தாள்.