ரக்காத் போடாத கையெழுத்து

இதை நான் நேரில் பார்க்கவில்லை. மலையடிவார ஊரான கரகோலில் பனிச்சறுக்குப் பயிற்சியாளராக இருக்கும் மெலிஸ் எனக்குச் சொன்னது. நடந்து நான்கு வருடம் ஆகியும் சொல்லும்போது அவருக்குக் கோபம் ஆறியிருக்கவில்லை.

அவர் மகள் அதினாய்க்கு அப்போது பதினாறு வயது. அப்பாவின் டீமில்தான் இருந்தாள். ஜனவரியில் சரிவில் இறங்கும்போது கம்பத்தில் மோதி விழுந்தாள். ஹெல்மெட்டில் ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே மூளைதான் குலுங்கிப் போயிருந்தது.

ஐந்து வாரம் பிசியோதெரபி. டீமுக்கான ஆஸ்பத்திரி பிசியோதெரபிஸ்ட் ரக்காத் விரலை ஆட்டுவாள்; அதினாய் தலையைத் திருப்பாமல் கண்ணால் மட்டும் தொடர வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு மெத்தைமேல் ஒற்றைக் காலில் நிற்க வேண்டும்.

சனிக்கிழமை தேசிய அணித் தேர்வு. ரக்காத் கையெழுத்துப் போட்டால்தான் கலந்துகொள்ள முடியும்.

வியாழக்கிழமை கடைசிச் சோதனை. மெலிஸ் வீட்டில் செய்த குதிரைக்கறி சாசேஜோடு போனார்.

"அதை மேஜைல வைக்காதீங்க அண்ணே. தாளெல்லாம் கொழுப்பாயிடும்."

"உனக்குத்தாம்மா."

"போகும்போது மறக்காம எடுத்துட்டுப் போங்க."

ஒற்றைக் காலில் நிற்பது, கேட்ட வார்த்தைகளைத் திருப்பிச் சொல்வது என்று சோதனை முடிந்தது. முப்பதுக்குப் பதினேழு.

சீசன் தொடங்குவதற்கு முன், நல்ல உடம்போடு இருக்கும்போதே எல்லா வீரர்களுக்கும் இந்தச் சோதனையை வைத்து, மதிப்பெண்ணை எழுதி வைத்துவிடுவார்கள். தலையில் அடிபட்டவர்கள் அந்த எண்ணைத் திரும்ப எட்டினால்தான் மலைக்குப் போகலாம்.

மெலிஸ் செப்டம்பர் தாளை எடுத்து விரித்தார்.

"பாரு. அப்போ பதினாறு. இப்போ பதினேழு. ஒண்ணு கூடவே வாங்கியிருக்கா. போடு கையெழுத்த."

ரக்காத் தாளைப் பார்த்தாள். அதினாயைப் பார்த்தாள். அதினாய் தன் ஷூ கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போட மாட்டேன் அண்ணே. இன்னும் ஒரு மாசம் போகட்டும்."

"ஏன்?"

"எனக்கு மனசு வரல."

"மனசா? இது என்ன பொண்ணு பாக்கற இடமா? நம்பர் சரியா இருக்கில்ல?"

"செப்டம்பர் தாள் சரியானதுதானே அண்ணே?"

"உங்க ஆஸ்பத்திரி முத்திரைதானே குத்தியிருக்கு? முத்திரையைப் போய்க் கேளு!"

ரக்காத் பேனாவை மூடி வைத்தாள். மெலிஸுக்குக் கோபம் தலைக்கேறியது.

"எனக்குத் தெரியும்மா. இவ போகலேன்னா அந்த இடத்துக்கு உன் அக்கா பொண்ணு போவா. அதுக்குத்தானே இவ்வளவும்?"

ரக்காத்தின் முகம் சிவந்தது.

"அப்பா, போலாம்ப்பா."

"நீ சும்மா இரு. உனக்காகத்தான் கத்திட்டிருக்கேன்." திரும்பவும் ரக்காத்திடம், "ஆயுசுல ஒரு தடவையாவது அந்தச் சரிவுல இறங்கியிருக்கியா? கிழவனுங்க முட்டியைப் பிசையறவளுக்கு ரேஸ் பத்தி என்ன தெரியும்?"

"முட்டியைப் பத்திக் கொஞ்சம் தெரியும் அண்ணே. தலையைப் பத்தியும் கொஞ்சம்."

சனிக்கிழமை ரக்காத்தின் அக்கா மகள்தான் தேர்வானாள். மெலிஸ் புகார் எழுதிக் கொடுத்தார். கடைத்தெருவில் சொன்னார், கல்யாண வீடுகளில் சொன்னார்.

"ஏப்ரல் பன்னிரண்டாந் தேதி விசாரணை. சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்," என்றார் என்னிடம். "மூணு பேர் உக்காந்து கேட்டாங்க, மதிப்பெண் சரியா இருந்தும் ஏன் போடலன்னு. 'என் முடிவு, வேற சொல்ல ஒண்ணுமில்ல'ன்னா. இருந்தாத்தானே சொல்றதுக்கு?"

ரக்காத்தை டீமிலிருந்து எடுத்துவிட்டு, ஏரிப் பக்கம் ஒரு கிராமத்துச் சுகாதார நிலையத்துக்கு மாற்றினார்கள்.

"நேர்மையில்லாதவ கைல நம்ம பிள்ளைங்க தலையைக் கொடுத்து வச்சிருந்தோம், பாத்துக்க," என்று முடித்தார்.

நான் நம்பினேன். அப்படியே எழுதவும் தொடங்கினேன். ஆனால் ஒருவர் சொன்னதை மட்டும் வைத்து இன்னொருவரைப் பற்றி எழுதப் பயமாக இருந்தது. தலைநகர் பிஷ்கெக்கில் படித்துக்கொண்டிருந்த அதினாயைப் போய்ப் பார்த்தேன்.

அவள் தன் மருத்துவத் தாள்களை எடுத்துக் காட்டினாள். அடிபடுவதற்கு முன், செப்டம்பரில், பதினாறு. முழுக்கக் குணமான பிறகு, ஏப்ரலில், இருபத்தொன்பது.

எனக்குப் புரியவில்லை.

"செப்டம்பர்ல வேணும்னே தள்ளாடினேன்," என்றாள். "அப்பாதான் டீம்ல எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தார். தூக்கின கால ஊனிடு, சொல்ற வார்த்தைல ரெண்ட மறந்துடு, அப்போதான் நாளைக்கு அடிபட்டாலும் சுலபமா பாஸாகலாம்னு. கடைசிச் சோதனைக்கு முந்தின நாள் ரக்காத் அக்காகிட்ட அழுதுட்டே சொல்லிட்டேன். இன்னும் தலை சுத்துதுன்னும் சொன்னேன்."

"விசாரணைல அவங்க இதைச் சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா அப்பா வேலை போயிருக்கும். விசாரணைக்கு முன்னாடி அக்கா எங்க வீட்டுக்கு வந்தாங்க. 'நான் வாயைத் திறக்க மாட்டேன் அண்ணே. டீம்ல இருக்கற பதினோரு பிள்ளைங்களுக்கும் புதுசா சோதனை வச்சு, பழசு செல்லாதுன்னு மட்டும் கையெழுத்துப் போடுங்க'ன்னாங்க."

ஏப்ரல் தாளை மறுபடி வாங்கிப் பார்த்தேன். 'முந்தைய மதிப்பெண் செல்லாது' என்ற வரிக்குக் கீழே மெலிஸின் கையெழுத்து இருந்தது. பக்கத்தில் தேதி: ஏப்ரல் பதினொன்று, விசாரணைக்கு முந்தின நாள்.